தளத்தின் முட்டுகளை எப்போது பிரிக்கலாம்: கான்கிரீட்டின் வெப்பத்தை அளந்து பலத்தைக் கணிக்கும் முறை

வீட்டுத் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று மாலையிலிருந்தே குமரி மாவட்டத்தில் எல்லோரும் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். சென்ட்ரிங் தகடும் முட்டும் நாள் வாடகைக்கு வந்தவை. கொத்தனாருக்கு அடுத்த ஊரில் வேலை காத்திருக்கிறது. வீட்டுக்காரரோ பால்காய்ச்சுக்கு நாள் குறித்துவிட்டார். முட்டுகளை ஏழாம் நாளில் பிரிக்கலாமா, பத்தாம் நாள் வரை பொறுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நாட்காட்டியைப் பார்த்தே பதில் சொல்லப்படுகிறது. ஆனால் சிமெண்ட் இறுகுவது கடந்துபோன நாட்களை மட்டும் பொறுத்ததல்ல. அந்த நாட்களில் கான்கிரீட் எவ்வளவு வெப்பத்தில் இருந்தது என்பதையும் பொறுத்தது. ஆரல்வாய்மொழியில் மார்ச் மாதம் போட்ட தளமும், ஐப்பசி மழையில் குளச்சலில் போட்ட தளமும், மலைமேல் உள்ள மாறாமலை எஸ்டேட்டில் போட்ட தளமும் ஒரே கலவையால் ஆனவையாக இருந்தாலும் ஏழாம் நாளில் ஒரே பலத்தில் இருப்பதில்லை.

தளத்தை உடைக்காமல், துளையிடாமல், அதன் உள்வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து அதன் பலத்தைக் கணிக்கும் வழி ஒன்று உண்டு. பொறியாளர்கள் இதை முதிர்ச்சி முறை என்கிறார்கள். வீடு கட்டுவோரும் மேற்பார்வை செய்யும் இளம் பொறியாளர்களும் இதைச் செய்து பார்க்கும் அளவுக்கு விரிவாக எழுதுகிறேன்.

வெப்பம் ஏன் பலத்தைச் சொல்கிறது

சிமெண்ட் தண்ணீருடன் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எவ்வளவு வெப்பம் வெளிப்பட்டதோ அந்த அளவுக்கு வினை நடந்திருக்கிறது. எந்த அளவுக்கு வினை நடந்ததோ அந்த அளவுக்குப் பிணைப்பு உருவாகிப் பலம் ஏறியிருக்கிறது. அதே சமயம், சூழல் வெப்பமாக இருந்தால் வினை வேகமாக நடக்கும், குளிர்ந்தால் மெதுவாகும். ஆகவே வெப்பம் இந்த வினையின் விளைவாகவும் அதன் வேகத்தைத் தீர்மானிப்பதாகவும் இருக்கிறது.

ஒரு சிறிய கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 320 கிலோ சிமெண்ட் இருப்பதாகவும், ஒரு கிராம் சிமெண்ட் 250 ஜூல் வெப்பத்தை வெளிவிட்டதாகவும் கொண்டால், மொத்தம் 80,000 கிலோஜூல் ஆகிறது. அந்த ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வேண்டும். வெப்பம் வெளியேறவே வழியில்லை என்றால் அந்தக் கான்கிரீட் 33 டிகிரி சூடேறும். பாலத்தின் கனத்த அடித்தளத்தின் நடுப்பகுதியில் இதற்கு நெருக்கமான ஏற்றத்தைக் காண முடியும். ஆனால் நம் வீட்டுத் தளம் 12 சென்டிமீட்டர் கனமே உடையது. மேலே காற்றுக்கும் கீழே இரும்புத் தகட்டுக்கும் வெப்பத்தைப் பறிகொடுத்துவிடுவதால், முதல் நாளில் சில டிகிரிகள் மட்டும் ஏறிவிட்டுப் பிறகு வானிலையின் போக்கிலேயே அது இருக்கும். அதனால்தான் வீட்டுத் தளத்தின் பலம் பருவத்தைச் சார்ந்ததாகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் இந்த மாவட்டத்தில், மழையும் குளிர்ந்த இரவும் இல்லாத மாதங்கள் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1949-இல் நர்ஸ் என்பவரும் 1951-இல் சால் என்பவரும், நீராவியால் பதப்படுத்திய கான்கிரீட்டை ஆராய்ந்து, வெப்பத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கிடைக்கும் ஒரே எண்ணால் பலத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். ஆயினும் இம்முறை பரவலான கவனத்தைப் பெற்றது உயிர்கள் பலியான பிறகுதான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1973 மார்ச்சில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 14 தொழிலாளர்கள் இறந்தனர். மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ தீவில் 1978 ஏப்ரல் 27 அன்று குளிரூட்டும் கோபுரத்தின் சாரம் சரிந்து 51 பேர் இறந்தனர். குளிர்ந்த இரவைக் கடந்த முந்தைய நாள் கான்கிரீட், தன்மீது ஏற்றிய சுமையைத் தாங்கும் பலத்தைப் பெற்றிருக்கவில்லை. இவற்றை ஆராய்ந்தவர்கள் முதிர்ச்சி முறையை மீண்டும் கையில் எடுத்தார்கள். 1987-இல் அது ஏஎஸ்டிஎம் சி1074 என்ற அமெரிக்கத் தரநிலையாக வெளிவந்தது.

படி 1: உங்கள் கலவைக்குரிய கோட்டை வரைதல்

வெப்பத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கிடைக்கும் அந்த முதிர்ச்சி எண்ணிலிருந்து பலத்தைச் சொல்லும் பொதுவான அட்டவணை எதுவும் கிடையாது. ஒவ்வொரு கலவைக்கும் தனிக் கோடு வேண்டும். சிமெண்ட் நிறுவனம் மாறினாலும், ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்தாலும், தண்ணீரின் அளவு மாறினாலும் பழைய கோடு செல்லாது. தளம் போடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

தளத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே சிமெண்ட், அதே ஜல்லி, அதே மணல், அதே அளவு தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு 150 மில்லிமீட்டர் அளவுள்ள 17 கியூப்கள் வார்க்க வேண்டும். அவற்றுள் இரண்டின் நடுவில் வெப்ப உணரியைப் பதித்துவிட வேண்டும். இவை உடைப்பதற்கல்ல, அளப்பதற்கு. மற்ற 15 கியூப்களை 27 டிகிரி செல்சியஸ் அளவில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 1, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் மும்மூன்றாக உடைக்க வேண்டும். கியூப் உடைக்கும் இயந்திரம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் இருக்கும். முன்கூட்டியே நாள் சொல்லி வைப்பது நல்லது, ஏனெனில் மூன்றாம் நாள் கியூபை நான்காம் நாளில் உடைத்தால் கோடு கோணலாகும்.

ஒவ்வொரு நாளின் முதிர்ச்சி எண்ணைக் கணக்கிடும் முறை எளிது. கான்கிரீட்டின் வெப்பநிலையிலிருந்து அடிப்படை வெப்பநிலையைக் கழித்து, வரும் விடையை மணி நேரத்தால் பெருக்கி, தொடர்ந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். அடிப்படை வெப்பநிலை என்பது வினை நின்றுவிடுவதாகக் கொள்ளும் வெப்பநிலை. அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்தால், 27 டிகிரித் தொட்டியில் ஒரு நாள் இருந்த கியூப் 648 டிகிரி-மணி பெறும். 3 நாளில் 1,944, 7 நாளில் 4,536, 14 நாளில் 9,072, 28 நாளில் 18,144 ஆகும்.

அடிப்படை வெப்பநிலையைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய வழக்கப்படி அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 அல்லது 11 டிகிரி என்று கொள்ளப்படுவதுண்டு. எதை எடுத்தால் பாதுகாப்பு என்பது உங்கள் தளம் தொட்டியைவிடக் குளிர்ந்ததா, சூடானதா என்பதைப் பொறுத்தது. தளம் 23 டிகிரியில் இருந்தால், பூஜ்ஜியத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு அதன் வேகத்தைத் தொட்டியின் வேகத்தில் 85 விழுக்காடு என்கிறது. கீழ் 10 டிகிரியைக் கொண்ட கணக்கோ 89 விழுக்காடு என்கிறது. தளம் 35 டிகிரியில் இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும்: முதல் கணக்கு 1.30 மடங்கு என்றும் இரண்டாவது 1.22 மடங்கு என்றும் சொல்லும். மழைக்காலத்துக்கும் மலைப்பகுதிக்கும் பூஜ்ஜியத்தையும், கடும் வெயிலுக்குக் கீழ் 10 டிகிரியையும் வைத்துக் கணக்கிடுவது என் பழக்கம். எதை எடுத்தாலும் கோடு வரையும்போதும் தளத்திலும் அதே எண்ணையே வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு புரிவதற்காக, ஓர் எம்25 கலவை (28 நாளில் 25 மெகாபாஸ்கல் பலம் தருவதற்கென வடிவமைத்தது) 3-ஆம் நாளில் 11, 7-ஆம் நாளில் 18, 14-ஆம் நாளில் 23.5, 28-ஆம் நாளில் 29 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்னும் பல அளவு) காட்டியதாக வைத்துக்கொள்வோம். முதிர்ச்சி எண்ணின் மடக்கையை (லாக்) கிடை அச்சிலும் பலத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், இந்த நான்கு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமையும். முதிர்ச்சி எண் பத்து மடங்காகும்போது பலம் 18.5 மெகாபாஸ்கல் உயரும். முதல் நாள் புள்ளி இந்தக் கோட்டிலிருந்து விலகியே நிற்கும், அதற்காகக் கோட்டை வளைக்கத் தேவையில்லை. முட்டு பிரிக்கும் முடிவை முதல் நாளில் யாரும் எடுப்பதில்லை.

படி 2: தளத்தில் உணரியைப் பதித்தல்

விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை. தெர்மோகப்பிள் என்னும் வெப்பம் அளக்கும் கம்பியும் பதிவுக் கருவியும் இருந்தால் மிக நல்லது. இல்லையெனில், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் டிஎஸ்18பி20 என்னும் உணரி, துருப்பிடிக்காத எஃகு உறையில் நீர்புகாதபடி அடைக்கப்பட்டு வருவது, அரை டிகிரித் துல்லியத்துடன் அளக்கும். பதிப்பதற்கு முன் எல்லா உணரிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

எங்கே பதிப்பது என்பதுதான் அனுபவம் பேச வேண்டிய இடம். தளத்தின் நடுவில் ஒன்று வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நமக்குத் தேவை தளத்தில் மிகவும் பின்தங்கிய இடத்தின் பலம். கடைசியாகக் கான்கிரீட் போட்ட மூலை, மரநிழல் விழும் பக்கம், காற்று நேரே அடிக்கும் ஓரம், சன்ஷேடு போன்ற நீட்டுத் தளம் ஆகியவையே மெதுவாக இறுகும். குறைந்தது நான்கு உணரிகளாவது வைத்து, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணைக் காட்டுவதையே முடிவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதாக ஒன்றை நிழலில் தொங்கவிட்டால் காற்றின் வெப்பநிலையும் கிடைக்கும்.

உணரியைத் தளக் கனத்தின் நடுவில், கம்பியில் கட்டினாலும் கம்பியைத் தொடாதபடி, இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துக் கட்ட வேண்டும். கம்பி வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் அதைத் தொட்டிருக்கும் உணரி தவறான எண்ணைச் சொல்லக்கூடும். வயரைக் கம்பியின் அடிப்புறமாகவே கொண்டுசென்றால், மேலே நடப்பவர் காலிலும் வைப்ரேட்டரிலும் படாது. முதல் இரண்டு நாட்கள் அரை மணிக்கு ஒருமுறையும், பிறகு மணிக்கு ஒருமுறையும் பதிவானால் போதும்.

படி 3: முதல் நாள் கோட்டை வாசித்தல்

பலத்தைக் கணக்கிடும் முன்பே, முதல் 24 மணி நேரத்தின் வெப்பக் கோடு பல செய்திகளைச் சொல்லிவிடும். இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

கலந்தவுடன் சிறிது வெப்பம் எழும். பிறகு சில மணி நேரம் அமைதியாக இருக்கும். அதன்பின் வேகமாக ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, மெதுவாக இறங்கும். அந்த ஏற்றம் தொடங்கும் நேரம்தான் கான்கிரீட் கெட்டியாகத் தொடங்கும் நேரம். காலை பத்து மணிக்குப் போட்ட தளத்தின் உச்சம் வெயில் மறைந்த பிறகு வருவதால் அது தெளிவாகத் தெரியும். மாலையில் போட்டால் மறுநாள் வெயிலும் சேர்ந்து குழப்பும். அப்போது நிழல் உணரியின் அளவைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கருங்கல் பக்கத்தில் ஒரு வீட்டுத் தளத்தில், பத்து மணி நேரத்தை ஒட்டி வரவேண்டிய உச்சம் 19 மணி நேரம் கழித்தே வந்தது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் கலவைச் சேர்மம் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது பிறகு தெரியவந்தது. மறுநாள் காலையில் தளத்தின் மேல் செங்கல் அடுக்க வந்த லாரியைத் திருப்பி அனுப்ப முடிந்தது இந்தக் கோட்டினால்தான்.

வெப்ப ஓட்டத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புவோர், நல்ல தெர்மாஸ் பிளாஸ்க் ஒன்றில் எப்போதும் ஒரே அளவுச் சிமெண்ட், மணல், தண்ணீர் கலந்த கலவையை நிரப்பி, உணரியைப் பதித்து மூடி வைக்கலாம். முதலில் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி அது ஆறும் வேகத்தைக் குறித்துக்கொண்டால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது மணிக்கு எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு, ஒவ்வொரு மணி நேரத்திலும் கலவை சூடேறப் பயன்பட்ட வெப்பத்துடன் கசிந்த வெப்பத்தையும் கூட்டினால் சிமெண்ட் வெளிவிட்ட வெப்பத்தின் வேகம் கிடைக்கும். புதிதாக இறங்கிய மூட்டைகளின் கோடு, படி 1-இல் பயன்படுத்திய மூட்டைகளின் கோட்டுடன் ஒத்துப்போகவில்லை என்றால், பழைய கியூப் கணக்கை அந்தச் சிமெண்டுக்கு நம்ப வேண்டாம்.

படி 4: பலத்தைக் கணக்கிட்டு முடிவெடுத்தல்

முட்டு பிரிக்கும்போது எவ்வளவு பலம் வேண்டும்? அந்த நேரத்தில் சுமையால் கான்கிரீட்டில் உண்டாகும் அழுத்தத்தைப் (தகைவு) போல் குறைந்தது இரு மடங்கு பலம் வந்த பிறகே பிரிக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. நடைமுறையில் பலரும் வடிவமைப்புப் பலத்தில் 70 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறார்கள். எம்25-க்கு அது 17.5 மெகாபாஸ்கல். இந்த எண்ணை உங்கள் கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கணிப்பில் பிழை வரக்கூடும் என்பதால், அதற்கு மேல் 2 மெகாபாஸ்கல் சேர்த்து 19.5 வரும்வரை நான் காத்திருப்பேன். மேலே சொன்ன எடுத்துக்காட்டுக் கோட்டின்படி 19.5-க்குரிய முதிர்ச்சி எண் ஏறத்தாழ 5,540 டிகிரி-மணி.

இப்போது, ஒரே கலவை மூன்று இடங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கலாம். வெப்பநிலைகள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஒப்பிட வசதியாக மூன்றுக்கும் பூஜ்ஜியத்தையே அடிப்படையாகக் கொள்கிறேன். வறண்ட காலத்தில் சமவெளியில் தளத்தின் சராசரி முதல் நாள் 36, இரண்டாம் நாள் 33, பிறகு 30 டிகிரி என்றால், ஆறு நாளில் 4,536 சேரும். இலக்கை ஏழரை நாளில் எட்டும். ஐப்பசி மழையில் 31, 28, பிறகு 25.5 என்றால், ஏழு நாளில் 4,476 மட்டுமே சேரும்; இலக்கை எட்ட ஏறத்தாழ எட்டே முக்கால் நாள் ஆகும். மலையில் 26, 23, பிறகு 21 என்றால், ஏழு நாளில் 3,696-தான். இலக்குக்கு பத்தரை நாளுக்கு மேல் வேண்டும்.

குளிர்ந்த இடத்தில் இந்த எளிய கணக்குகூடச் சற்றுத் தாராளமானது. வினையின் வேகம் வெப்பத்தோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. 1977-இல் பிரைஸ்லேபன் ஹான்சன், பெடர்சன் ஆகியோர் முன்வைத்த சமவயதுக் கணக்கு (குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் இறுகியதற்குச் சமம் என்று சொல்வது), வேதிவினைகளுக்குரிய அடுக்குக்குறிச் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறது. வினை நடக்கத் தேவையான கிளர்வு ஆற்றலை மோலுக்கு 40 கிலோஜூல் என்று கொண்டால், 35 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 27 டிகிரியில் 1.5 மணி நேரத்துக்குச் சமம். 22 டிகிரியில் ஒரு மணி நேரமோ 0.76 மணிக்கே சமம். எளிய கணக்கு இதை 0.81 என்கிறது. மலைப்பகுதியில் கட்டுவோர் சமவயதுக் கணக்கையே பயன்படுத்த வேண்டும். கணினி விரிதாளில் ஒரு வரி எழுதினால் முடிந்துவிடும்.

நாள் கணக்கு தவறானது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஐஎஸ் 456, 4.5 மீட்டர் வரை நீளமுள்ள தளத்தின் முட்டுகளுக்கு 7 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் சொல்கிறது. ஆனால் அது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கும், வெப்பநிலை 15 டிகிரிக்குக் குறையாத சூழலுக்கும் உரியது. நம் வீடுகளில் இன்று பெரும்பாலும் பயன்படுவது எரிசாம்பல் கலந்த பிபிசி (போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட். அது தொடக்கத்தில் மெதுவாகவே பலம் பெறும். தரநிலை சொன்ன நாளும் முதிர்ச்சி சொன்ன நாளும் வேறுபட்டால், இரண்டில் தள்ளி வரும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் சொல்லாதவை

இந்த முறையின் மிகப் பெரிய ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று மிக்சரில் இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் பலம் வெகுவாகக் குறையும். ஆனால் வெப்பக் கோடு கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும். உணரி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, தளம் பலவீனமாக இருக்கும். ஆகவே கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனையைச் செய்யாமல், மிக்சர் பக்கத்தில் ஒருவர் நிற்காமல், முதிர்ச்சி எண்ணை நம்புவது பாதுகாப்பல்ல. சரியாக வைப்ரேட்டர் போடாமல் உள்ளே விழுந்த பொந்துகளையும் வெப்பம் காட்டாது.

அடுத்தது காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து தளத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. உலர்ந்த கான்கிரீட்டில் வினை நின்றுவிடும்; ஆனால் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் தளத்தின் உணரி டிகிரி-மணிகளைக் கூட்டிக்கொண்டேதான் இருக்கும். இல்லாத பலத்தை இருப்பதாகச் சொல்லும் கணக்கு அது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய நாட்களை மட்டுமே முதிர்ச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிபிசி சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள் ஈரம் காய விடக் கூடாது.

மூன்றாவதாக, தொடக்கத்திலேயே மிகச் சூடான கான்கிரீட் வேகமாகப் பலம் பெற்றாலும், அதன் 28-ஆம் நாள் பலம் மிதமான வெப்பத்தில் இறுகியதைவிடக் குறைந்து நிற்கும். எனவே இந்த முறையை முட்டு பிரிக்கும் நாளை அறியப் பயன்படுத்துங்கள். தளத்தின் இறுதிப் பலத்தைச் சான்றளிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம்.

படி 5: சரிபார்த்துப் பிரித்தல்

தளம் போட்ட அன்றே ஆறு கியூப்கள் எடுத்து, தொட்டியில் வைக்காமல் தளத்தின் மேலேயே அதே ஈரத்தில் வைக்க வேண்டும். முட்டு பிரிக்க எண்ணும் நாளுக்கு முந்தைய நாள் அவற்றில் மூன்றை உடைத்துப் பார்த்து, கிடைத்த பலம் கோடு சொன்ன பலத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அந்தக் கோட்டை அந்தத் தளத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். அப்போது முட்டுகள் நிற்கட்டும். மீதி மூன்றும் பிந்தைய நாளுக்கு உதவும். ரீபவுண்ட் சுத்தியல் (மேற்பரப்பில் தட்டி, எம்பும் அளவைக் கொண்டு கடினத்தைச் சொல்லும் கருவி) வைத்திருப்பவர்கள் உணரி வைத்த இடங்களிலும் வைக்காத இடங்களிலும் தட்டிப் பார்த்தால், பின்தங்கிய பகுதி ஏதாவது விடுபட்டிருந்தால் தெரிந்துவிடும்.

பிரிக்கும்போது, இரு பக்கமும் தாங்கப்பட்ட தளத்தில் நடு முட்டிலிருந்து தொடங்கிச் சுவர்ப் பக்கமாகச் செல்ல வேண்டும். சன்ஷேடு போன்ற நீட்டுத் தளத்தில் நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். மேலே இன்னொரு தளம் வரப்போகிறது என்றால், அந்தக் கான்கிரீட்டின் எடை இந்தத் தளத்தின் மேல் இறங்கும் என்பதால், அதற்குரிய பலத்தைத் தனியாகக் கணக்கிட்டு, அதுவரை சில முட்டுகளைத் திரும்ப நிறுத்திவைக்க வேண்டும். உணரி வயரை உடனே வெட்டிவிட வேண்டாம். 28 நாள் பதிவு முழுமையானதும் அந்தத் தாள்களை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். பின்னாளில் மாடி எழுப்ப வருபவருக்கு, கீழ்த்தளம் எந்தப் பருவத்தில், எந்த வெப்பத்தில், எத்தனை நாள் ஈரத்தில் இறுகியது என்பதை அது சொல்லும்.